விடுமுறை வேதாகமப் பள்ளியும் இளங்குழந்தைகளும்

(கோடைக்காலப் பள்ளியில் ஊழியஞ் செய்ய முன்வந்த வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விடுமுறை வேதாகமப் பள்ளியில் மிகச் சிறிய குழந்தைகளை நடத்துவது எவ்வாறு என்னும் விஷயத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி எம்மைப் பணித்தீர்கள். பாடுவதில் எம்மினும் இனிய குரலுடையோரும், கதை சொல்வதில் எம்மினும் வல்லோரும், சித்திரம் எழுதுவதில் எம்மினும் கைதேர்ந்தோரும் இச்சபையிலேயே வீற்றிருக்கின்றனர். எமக்குள்ள தகுதி ஒன்றேயாம். இப்பணியில் யாம் ஒரு பெரும் பிழை செய்திருக்கிறோம். அதனை மறையாது உங்கள் முன் வைத்தால், நீங்களேனும் அதனைச் செய்யாது விடுவீர்கள் என்னும் நம்பிக்கையே எம்மை இம்மேடையில் ஏற்றியது.

இளங்குழந்தைகள் என்று யாம் சொல்வது நான்கு வயது முதல் ஆறு வயது வரையுள்ளோரை. பெரிய பிள்ளைகளின் வகுப்புகளுக்கு அனுபவசாலிகளைத் தேடிப்பிடித்து நியமிக்கிறோம். பாலர் வகுப்புக்கோ, சென்ற ஆண்டு வரையில் தாமே மாணாக்கராயிருந்த பதினைந்து பதினாறு வயதுடையோரை அனுப்பிவிடுகிறோம். "சின்னப் பிள்ளைகள்தாமே! இரண்டு பாட்டும் ஒரு கதையும் போதும்" என்பது நமது எண்ணம். இவ்வெண்ணம் முற்றிலும் தவறானது; பள்ளி முழுவதிலும் மிக முதிர்ந்த பொறுப்பை வேண்டி நிற்பது பாலர் வகுப்பே என்பதுதான் எமது பேச்சின் சாரம்.

முதற்கண் இப்பள்ளியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1780ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்துக் குளொஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்னும் பத்திரிகாசிரியர் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியை ஏற்படுத்தினார். வாரம் முழுவதும் தொழிற்சாலையில் உழைத்து, ஞாயிறன்று தெருவில் திரிந்த ஏழைச் சிறுவர்க்கு எழுத்தும் நல்லொழுக்கமும் கற்பிப்பதே அவர் நோக்கம். வாரத்துக்கு ஒரு நாள் போதாது என்று உணர்ந்த மைல்ஸ் என்னும் அம்மையார், அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்து ஹோப்டேல் என்னும் ஊரில் 1894ஆம் ஆண்டுக் கோடையில், நாள்தோறும் கூடும் வேதாகமப் பள்ளியை நான்கு வாரம் நடத்தினார். 1898ஆம் ஆண்டில் ஹாஸ் என்னும் அம்மையார் நியூயார்க் நகரத்தின் கீழ்ப்புறச் சேரிச் சிறுவருக்காக இத்தகைய பள்ளியொன்றைத் தொடங்கினார். அதற்கு இடம் வேண்டி அவர் வாடகைக்கு எடுத்தது ஒரு மதுக்கடையை! இம்முயற்சியைக் கண்டு உள்ளங்கொண்ட ராபர்ட் போவில் என்னும் போதகர் இதனைப் பல சபைகளிலும் பரப்பி, 1922ஆம் ஆண்டில் உலக அளவில் ஒரு சங்கத்தையும் நிறுவினார். இங்ஙனம் பரவிய பள்ளியே இன்று நம் ஊர்களில் "வி.பி.எஸ்." என்று குழந்தைகள் வாயிலும் வழங்குகின்றது.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. விடுமுறை என்பது பிள்ளைகளுக்கு ஓய்வு; ஆனால் பெற்றோருக்கு ஓய்வன்று. பள்ளிக்கூடம் மூடப்பட்ட நாளிலும் தகப்பன் பனையேறச் செல்லவேண்டும். தாய் உப்பளத்துக்குச் செல்லவேண்டும், அல்லது பீடி சுற்றவேண்டும். பள்ளியில் கிடைத்த மதிய உணவும் விடுமுறையில் நின்றுபோகிறது. அந்நாட்களில் தம் குழந்தையை ஒரு தாய் ஆலய வாசலில் கொண்டுவந்து விடும்போது, அவள் நம்மிடம் ஒப்புவிப்பது ஒரு மாணாக்கனை அன்று; ஓர் உயிரை. பாடம் இரண்டாவது, பாதுகாப்பு முதலாவது. இதனை யாம் கற்றது புத்தகத்திலிருந்தன்று.

நிற்க. இனி எமது பிழையைச் சொல்வோம்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், தென்பாண்டி நாட்டில் செம்மணல் தேரியை அடுத்த ஒரு சிற்றூர் ஆலயத்தில் பத்து நாள் பள்ளியொன்றை யாம் தலைமையேற்று நடத்தினோம். ஏறக்குறைய 160 குழந்தைகள் வந்தனர். பாலர் வகுப்பில் மட்டும் 43 பேர். அவர்களுக்கு ஆசிரியர் மூவரே. நான்காம் நாளின் பாடம் காணாமற்போன ஆட்டின் உவமை. நூறு ஆடுகளையுடைய மேய்ப்பன் ஒன்று குறையக் கண்டு, தொண்ணூற்றொன்பதையும் விட்டு அவ்வொன்றைத் தேடிச் சென்று, கண்டபோது தோள்மேல் சுமந்து வந்து களித்த கதை நீங்கள் அறிந்ததே. அதனை நாடகமாகவே நடத்தினோம். உபாத்தியாயினி ஒருவர் பஞ்சு ஒட்டிய அட்டைக் காதுகளைக் கட்டிக்கொண்டு தூணின் பின்னே ஒளிந்துகொண்டார். யாம் கம்பளியும் கோலுமாக மேய்ப்பனானோம். "என் ஆடு எங்கே? என் ஆடு எங்கே?" என்று கூவிக்கொண்டு நாற்காலியின் கீழும் கதவின் பின்னும் தேடினோம். குழந்தைகள் ஆரவாரித்தனர். ஆடு அகப்பட்டபோது எழுந்த கைதட்டலில் ஆலயம் அதிர்ந்தது. பாடம் மிக நன்றாய் அமைந்ததென்று எம்மை யாமே மெச்சிக்கொண்டோம்.

பன்னிரண்டு மணிக்கு மிட்டாய் கொடுத்துப் பள்ளியைக் கலைத்தோம். பெரிய பிள்ளைகள் தம்பி தங்கையரைக் கூட்டிக்கொண்டு போயினர். ஆசிரியர்கள் படங்களைச் சுருட்டினர். யாம் அறிக்கைப் புத்தகத்தில் வருகைத் தொகையை எழுதினோம். காணிக்கைச் சில்லறையை இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்தோம் என்பதும் நன்றாய் நினைவிருக்கிறது.

ஒரு மணி சுமாருக்கு ஒரு மூதாட்டி வந்தார். "ஐயா, எம் பேரன் இன்னும் வீட்டுக்கு வரலியே" என்றார். பையனுக்கு வயது ஐந்து. தாய் தகப்பன் பிழைப்பின் பொருட்டு வெளியூரில் இருந்தமையால் ஆச்சியிடம் வளர்ந்து வந்தான். "எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்களே, ஆச்சி. வழியில் எங்கேனும் விளையாடிக்கொண்டிருப்பான்" என்று யாம் விடை சொன்னோம். எல்லாரும் போய்விட்டனர் என்பதை யாம் அறிவோமா? அறியோம். ஆலயம் வெறுமையாய் இருந்தது, ஆதலின் அனைவரும் போயினர் என்று எண்ணினோம், அவ்வளவே.

இரண்டு மணிக்குள் ஊர் கூடிவிட்டது. தோப்பில் தேடினர், உடைமரக்காட்டில் தேடினர், பேருந்து நிற்குமிடத்தில் விசாரித்தனர். ஆலயத்தின் மேற்புறத்தில் சுற்றுச்சுவர் இடிந்த பழங்கிணறு ஒன்று இருந்தது. பள்ளி தொடங்குமுன்னரே அதனை யாம் பார்த்து, முள்வெட்டி அடைக்கவேண்டுமென்று சொல்லியும் இருந்தோம், அடைக்கவில்லை. ஒருவர் பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டிக்கொண்டு வந்தார். கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பதற்குரிய கருவி அது. அதனை அவர் உள்ளே இறக்கியபோது அந்த ஆச்சி மணலில் உட்கார்ந்துவிட்டார். எம்மை ஏசவில்லை; அழவும் இல்லை. எம்மைப் பார்த்தார். அப்பார்வையை யாம் இன்றளவும் மறந்தோமில்லை.

கரண்டி மும்முறை வெறிதே வந்தது. மூன்று மணியளவில், ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கும் பெரியவர் பீடத்துக்குப் பின்னுள்ள சிற்றறையிலிருந்து குரல் கொடுத்தார். சுவரோரம் சுருட்டி நிறுத்தியிருந்த பாய்களின் இடையே அக்குழந்தை உறங்கிக் கிடந்தான். உடல் முழுதும் வியர்வை, உதடுகள் உலர்ந்திருந்தன. நீர் பருகக் கொடுத்து மடியில் இருத்தி, "ஏன் அப்பா இங்கே வந்து படுத்தாய்?" என்று கேட்டோம். அவன் எம்மை ஏறிட்டுப் பார்த்து, "அண்ணாச்சி, நான்தான் ஆடு. ஒளிஞ்சிருந்தேன். நீங்க தேடியே வரலியே" என்றான்.

நண்பர்களே! யாம் நடத்திய பாடத்தை அன்று உண்மையாய்க் கற்றவன் அவ்வொருவனே. ஒளிந்தால் தேடுவார்கள் என்று அவன் நம்பினான். எம் சொல்லை நம்பினான். நூற்றில் ஒன்று குறைந்ததை அறிந்த மேய்ப்பனைப் பற்றிப் பிரசங்கித்த யாம், நாற்பத்துமூன்றில் ஒன்று குறைந்ததை அறிந்தோமில்லை. அம்மேய்ப்பன் தேடினான் என்பதையே நாம் எப்போதும் சொல்கிறோம். அவன் தேடுமுன் எண்ணினான் என்பதை நினைப்பதில்லை. எண்ணாதவன் எங்ஙனம் தேடுவான்?

எண்ணுவதிலும் இருவகை உண்டு. அறிக்கையில் எழுதி மேலிடத்துக்கு அனுப்பவும், சென்ற ஆண்டினும் இவ்வாண்டு மிகுதியென்று பெருமை பாராட்டவும் எண்ணுவது ஒருவகை. ஒவ்வொரு குழந்தையும் எங்கே, யார் கையில் இருக்கிறது என்று அறிந்துகொள்ள எண்ணுவது மற்றொரு வகை. முதல் வகையில் யாம் தேர்ந்திருந்தோம். இரண்டாவது வகையே தலைவனுக்குரிய இலக்கணம். இனி, அப்பிழைக்குப் பின் யாம் கைக்கொண்டுவரும் முறைகளை ஒவ்வொன்றாய்ச் சொல்வோம்.

முதலாவது, ஒப்புக்கொள்ளுதலும் ஒப்புவித்தலும். பாலர் வகுப்புக்குத் தனிப் பதிவேடு வேண்டும். குழந்தையின் பெயர், வீட்டார் பெயர், தொலைபேசி எண், உடம்புக்கு ஒவ்வாத உணவு, அழைத்துப்போக உரிமையுள்ளோர் பெயர் ஆகியவற்றை முதல்நாளே எழுதிக்கொள்ளல் வேண்டும். வந்தவுடன் ஒருமுறை, விளையாட்டுக்குச் சென்று திரும்பியபின் ஒருமுறை, கலையும்போது ஒருமுறை எண்ணுதல் வேண்டும். இளங்குழந்தைகளைக் கும்பலோடு கலைத்தல் ஆகாது. மற்றவர்க்குக் கால்மணி நேரம் முன்னதாக அவர்களை வாசலில் அமர்த்தி, பெயர் சொல்லி அழைத்து, உரியவர் கையில் ஒப்புவிக்கவேண்டும். எட்டு வயது அக்காள் நான்கு வயதுத் தம்பிக்குக் காவலாகாள். கடைசிக் குழந்தை போனபின் ஒவ்வோர் அறையையும் ஒருவர் கண்ணால் பார்த்து வரவேண்டும். ஆசிரியர் தொகையைப் பற்றிக் கேட்பீராயின், எட்டுக் குழந்தைக்கு ஒருவர் என்பது எமது அனுபவம். அவர்களுள் பாதிப்பேரேனும் வயது முதிர்ந்தோராய் இருத்தல் நலம்.

இரண்டாவது, இடமும் வெயிலும் உணவும். பள்ளி தொடங்குமுன் தலைவன் ஆலய வளாகத்தை ஒரு குழந்தையின் உயரத்தில் குனிந்து சுற்றிப் பார்த்தல் வேண்டும். மூடாத கிணறு, தொங்கும் மின்கம்பி, தாழ்ப்பாள் உட்புறமாய் விழும் அறை, சாய்த்து வைத்த கனத்த பலகை ஆகியவை பெரியவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. "அடைக்கவேண்டும்" என்று சொல்வது அடைத்ததாகாது. அடைத்தபின்னரே மணி அடிக்கவேண்டும். நமது பள்ளிகள் நடப்பது அக்கினி நட்சத்திர காலத்தில். சிறு குழந்தையின் உடல் பெரியவர் உடலினும் விரைவில் வெப்பமேறும். தாகத்தைச் சொல்லவும் அதற்குத் தெரியாது. ஆதலின் கேட்கும்வரை காத்திராமல் அரைமணிக்கொருதரம் நீர் கொடுத்தல் வேண்டும். மோரும் பானகமும் நன்று. நிறைவுநாள் பவனியில் நண்பகல் வெயிலில் பாலரை வீதி வீதியாய் நடத்துவது பக்தியன்று; கொடுமை. அதிகாலையில் ஒரு தெருவோடு அவர்களை நிறுத்திக்கொள்ளலாம். முழு நிலக்கடலையும் உருண்டையான கெட்டி மிட்டாயும் இவ்வயதினர்க்குக் கொடுத்தலாகாது. அவை மூச்சுக்குழலில் சிக்கி உயிருக்கே மோசம் விளைக்கக் கூடும்.

மூன்றாவது, கற்பிக்கும் முறை. 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் ஐயர், தமிழ் எழுத்தைக் கற்கத் திண்ணைப்பள்ளிச் சிறுவரோடு தரையில் அமர்ந்து, அவர்களைப் போலவே மணலில் விரலால் எழுதிப் பழகினார் என்பது வரலாறு. கற்பிக்க வந்தவர் முதலில் குழந்தைகளின் வரிசையில் உட்கார்ந்தார். பாலர் வகுப்புக்கு இதனினும் சிறந்த வழிகாட்டி வேண்டுவதில்லை. மேடையை விட்டு இறங்கிப் பாயில் உட்காருங்கள். இவ்வயதுக் குழந்தை பத்து நிமிஷத்துக்கு மேல் ஒரு கதையில் நிலைக்காது. பத்து நிமிஷம் கதை, பின்னர்ச் செய்கைப்பாட்டு, பின்னர் வண்ணந்தீட்டல், பின்னர் ஓட்டம் என்று மாறி மாறி வரவேண்டும். மனப்பாட வசனம் ஐந்தாறு சொற்களைத் தாண்டலாகாது.

இவற்றினும் முக்கியமானது, குழந்தை நம் சொல்லை உள்ளவாறே கொள்ளும் என்பது. உவமை என்றும் அலங்காரம் என்றும் அது பிரித்தறியாது. ஆடு என்றால் ஆடே; தேடுவோம் என்றால் தேடியே ஆகவேண்டும். ஆகையால் நரகாக்கினியையும் பிசாசையும் வருணித்து ஐந்து வயதுப் பிள்ளையை நடுங்கச் செய்வோர், அப்பிள்ளை இரவெல்லாம் விழித்திருந்து அழுவதற்கு உத்தரவாதிகளாவர். பயத்தினால் கண்ணை மூடிக் கையுயர்த்தும் குழந்தைகளை எண்ணி, இத்தனைபேர் தீர்மானம் செய்தனர் என்று அறிக்கை எழுதுவது எவ்விதத்திலும் தகாது. பரிசுகளைக் காட்டி ஒரு குழந்தையை உயர்த்தி மற்றொன்றைத் தலைகுனியச் செய்தலும் அத்தகையதே. வசனம் சொல்லத் தெரியாமல் அழுத குழந்தைக்கு நீங்கள் காட்டும் முகமே அன்று அது கற்கும் வேதபாடம்.

நான்காவது, பிற சமயத்தார் வீட்டுக் குழந்தைகள். பாட்டும் விளையாட்டும் கேட்டு அண்டை வீட்டுக் குழந்தைகளும் வருவர். வருபவரைத் துரத்தலாகாது, ஆயினும் பெற்றோர் அறியாமல் சேர்த்துக்கொள்ளலும் ஆகாது. வீட்டுக்கே சென்று, இன்ன இடத்தில் இன்னவை கற்பிக்கிறோம் என்று ஒளியாமல் சொல்லி, அவர் சம்மதித்தால் மட்டுமே சேர்த்தல் வேண்டும். அவர்தம் வழிபாட்டைக் குழந்தையின் காதில் பழித்துப் பேசுதல் நேர்மைக்கு மாறானது. அக்குழந்தை மாலையில் தன் தாயின் மடிக்கே திரும்புகிறது. தாயை மதியாதவரிடத்தில் குழந்தைக்கு நன்மை விளையாது.

ஐந்தாவது, சொல்வதற்குக் கூசினும் சொல்லாதிருக்கலாகாத விஷயம். குழந்தைகளுக்குத் தீங்கிழைக்கும் கயவர் ஆலய வளாகத்துள் வரமாட்டார் என்று எண்ணுவது பேதைமை. எந்த ஆசிரியரும், அவர் எத்துணை நல்லவராயினும், ஒரு குழந்தையோடு மூடிய அறையில் தனித்திருத்தல் கூடாது. கழிப்பிடத்துக்கு அழைத்துச் செல்லுதல் இருவர் அறிய நடக்கவேண்டும். முன்பின் அறியாதவரை உதவிக்குச் சேர்த்தலாகாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அச்சட்டப்படி, குற்றம் நிகழ்ந்ததை அறிந்தும் தெரிவியாது மறைத்தவரும் தண்டனைக்குரியர். சபையின் பெயர் கெடுமென்று மூடி மறைப்பது பெயரையும் காவாது, குழந்தையையும் காவாது. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை ஆலயச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

இவ்வளவும் சொல்லக் கேட்டு, "இப்பாரத்தை யாம் எங்ஙனம் சுமப்போம்?" என்று உங்களுள் சிலர் மலைக்கக் கூடும். மலைக்கவேண்டுவதில்லை. இவற்றுள் பணம் வேண்டுவது சிறிது; கவனம் வேண்டுவதே பெரிது. பத்து நாள், நாளொன்றுக்கு மூன்றரை மணி நேரம், எட்டுக் குழந்தைகளின் பெயரை நெஞ்சில் வைத்துக்கொள்ள உங்களால் முடியாதா? நிச்சயம் முடியும்.

முடிவாக, அந்த ஆச்சியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். அன்று மாலை யாம் அவர் வீட்டுக்குச் சென்று, தவறு முழுவதும் எம்முடையதே என்று சொல்லி மன்னிப்புக் கேட்டோம். இனிப் பேரனை அனுப்பமாட்டார் என்றே நினைத்தோம். அவர் நெடுநேரம் வாளாவிருந்தார். பின்பு, "நாளைக்கும் அனுப்புதேன் ஐயா. எண்ணி வாங்கிக்கிடுங்க, எண்ணிக் குடுங்க" என்றார்.

ஐந்தாம் நாளுக்குக் குறித்திருந்த பாடத்தை ஒத்திவைத்தோம். முதல் வேலையாக ஊர் வாலிபரைக் கொண்டு கிணற்றை முள்ளிட்டு அடைத்தோம். பின்பு முந்தின நாள் நாடகத்தையே மறுபடியும் நடத்தினோம். இம்முறை ஆசிரியர் எவரும் ஆடாகவில்லை. குழந்தைகள் ஒவ்வொருவராய்ச் சென்று தூணின் பின் ஒளிந்தனர். யாம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் தேடினோம். நாற்பத்துமூன்று முறை தேடினோம். அப்பாலன் முறை வந்தபோது அவன் ஒளிந்த சிறிது நேரத்துக்குள், "அண்ணாச்சி, நான் இங்கே இருக்கேன்" என்று தானே குரல் கொடுத்துவிட்டான். யாம் மறுபடியும் வராதிருந்து விடுவோமோ என்று அஞ்சினான் போலும். அவ்வச்சத்தை அவன் உள்ளத்தில் விதைத்தவர் யாம். பத்தாம் நாள் வரையில் அவனைப் பெயர் சொல்லி அழைத்து ஆச்சியின் கையில் ஒப்புவித்தோம். ஒவ்வொரு நாளும் அவர் தலையசைத்து வாங்கிக்கொண்டார்.

வருகிற கோடையில் உங்கள் ஆலய வாசலிலும் தாய்மாரும் ஆச்சிமாரும் வந்து நிற்பர். அவர்கள் எழுத்து அறியாதவராய் இருக்கலாம்; உங்கள் பாடத்திட்டத்தைப் பற்றி ஒன்றும் கேளாதிருக்கலாம். ஆயினும் அவர்கள் எல்லாரும் வாய் திறவாமலே வேண்டிக்கொள்வது அவ்வாச்சி சொன்னதையே. எண்ணி வாங்குங்கள், எண்ணிக் கொடுங்கள்.